‘இந்தத் தடவை பூஜ்யம், சார்!’

ஸ்லாட் மெஷின் எப்போது காசு கொட்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பேஷாக முடியும். துல்லியமாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். என்ன, அவர்களில் சிலர் பிறகு தங்கள் ரிலீஸ் தேதியையும் அதே துல்லியத்தோடு எண்ண வேண்டி வந்தது.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் கிறுகிறுவென்று சுற்றும். மூன்றிலும் ஒரே படம் வந்து நின்றால் காசு மழை. நிற்காவிட்டால் இன்னொரு காசு. அவ்வளவுதான் ரூல்ஸ். ரம்மிக்குக்கூடக் கொஞ்சம் மூளை வேண்டும். இதற்கு வலது கை போதும். இப்போது பட்டன் வந்துவிட்டதால் அந்தக் கையிலும் நான்கு விரல் உபரி!

இப்படிப்பட்ட ஒரு பெட்டியை ஜெயிக்கத்தான் நூற்றுமுப்பது வருடமாக மனித குலம் மண்டையை உடைத்துக்கொள்கிறது. நளனுக்காவது ருதுபர்ணன் கிடைத்தான். பயண வழியிலேயே பகடையின் சூட்சுமத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, பதிலுக்குக் குதிரை வித்தையை மட்டும் கேட்டுக்கொண்டான். லாஸ் வேகாஸில் ‘சூட்சுமம்’ சொல்லித்தர வருகிறவர்கள் குதிரையெல்லாம் கேட்பதில்லை. கிரெடிட் கார்டு போதும்.

சரி, கதைக்கு வருவோம். ஆரம்பமே அழுகுணி ஆட்டம்.

1891-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ‘சிட்மன் அண்ட் பிட்’ என்ற கம்பெனி ஒரு போக்கர் மெஷினைச் செய்தது. ஐந்து உருளைகள், ஒவ்வொன்றிலும் பத்துச் சீட்டுகளின் படம். ஆக மொத்தம் 50. ஒரு நிமிஷம்... சீட்டுக்கட்டில் 52 அல்லவா? மிச்சம் இரண்டும் எங்கே? வழக்கமாகக் காணாமல்போனவை இஸ்பேட் பத்தும் ஆர்ட்டின் ஜாக்கும். ஒரே சின்னத்தில் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் சேர்ந்தால் ராயல் ஃப்ளஷ். நான்கு சின்னங்களில் அது வரலாம். இந்த இரண்டு சீட்டையும் உருவிவிட்டால் இரண்டு சின்னங்களுக்கு வழியே கிடையாது. வாய்ப்பு பாதியாக அவுட்! சுற்றுவதற்கு முன்பே ராயல் ஃப்ளஷின் இரண்டு கால்களை உடைத்துவிட்டு, “ஓடு பார்க்கலாம்” என்றார்கள்.

பரிசும் பணமாகக் கிடையாது. மதுக்கடையின் கல்லாவில் இருப்பவர் பார்த்து பீரோ சுருட்டோ கொடுப்பார். தோற்றவன் வருத்தத்தில் குடித்தான், ஜெயித்தவன் ஓசியில் குடித்தான். காசு மட்டும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தது.

அடுத்து வருகிறார் நம்ம சார்லஸ் ஃபே. பவேரியாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடியேறிய மெக்கானிக். ‘ஐந்து உருளை எதற்கு, மூன்று போதுமே’ என்று 1890-களில் ‘லிபர்ட்டி பெல்’ என்ற மெஷினைச் செய்தார். மூன்று உருளை, ஒவ்வொன்றிலும் பத்து நிறுத்தம். பத்தைப் பத்தால் பெருக்கி, மறுபடி பத்தால் பெருக்கினால் ஆயிரம் விதம். மூன்று மணிகள் வரிசையாக வந்தால் உச்சபட்சப் பரிசு. எவ்வளவு தெரியுமா? ஐம்பது சென்ட்! ஜாக்பாட் என்றதும் பங்களா, கார் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் காசுக்கு மறுபடி பத்து ஆட்டம் ஆடலாம். ஆடினார்கள்.

மெஷினே காசைக் கொட்டிவிடும் என்பதுதான் ஃபேயின் சாதனை. கல்லாக்காரர் தேவையில்லை. ஆனால் யாருக்கும் விற்கமாட்டேன், வாடகைக்குத்தான் விடுவேன், வசூலில் பாதி எனக்கு என்று பிடிவாதம். சூதாட்டச் சாமான் என்பதால் காப்புரிமையும் கிடைக்கவில்லை. 1905-ல் ஒரு மதுக்கடையிலிருந்து அவருடைய மெஷின் ஒன்று திருடுபோனதாகவும், அது சிகாகோவில் மில்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் சொல்வார்கள். சீக்கிரமே மில்ஸ் அதே ஜாடையில் மெஷின்களை விற்க ஆரம்பித்தது. 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் தீயும் ஃபேயின் பட்டறையை விழுங்கின. ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டத்தை வாடகைக்கு விட்டவருக்குச் சொந்த உபயோகத்துக்கு ஒரு சிட்டிகை மிஞ்சவில்லை!

இதற்குள் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் சூதாட்டத் தடைச் சட்டம். மெஷின்காரர்கள் அசந்தார்களா? “இது சூதாட்டமே இல்லை ஐயா, சூயிங் கம் விற்கிற மெஷின்” என்றார்கள். காசு போட்டால் கம் வரும். கூடவே ‘தற்செயலாக’ டோக்கனும் வரும். உருளைகளில் சீட்டுப் படங்களை அழித்துவிட்டு, கம்மின் சுவைக்குத் தகுந்த மாதிரி செர்ரி, பிளம், ஆரஞ்சு என்று பழங்களை ஒட்டினார்கள். கம் பாக்கெட்டின் முத்திரைதான் ‘பார்’ என்ற கறுப்புப் பட்டையாக இன்றும் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கேசினோக்களில் எல்.இ.டி. திரையில் மினுக்குகிற அந்தச் செர்ரிப்பழம், போலீஸுக்குப் பயந்து போட்ட மாறுவேஷம்!

இனி வருவதுதான் கதையின் உச்சம். நிமிர்ந்து உட்காருங்கள்.

அரசு வக்கீல்கள் விடவில்லை. “கம் கிடக்கட்டும். என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாது அல்லவா? அப்படியென்றால் சூதாட்டம்தான்” என்றார்கள். மெஷின்காரர்கள் யோசித்தார்கள். தெரியாததுதான் பிரச்சினையா? தெரிய வைத்துவிட்டால் போச்சு! மெஷினின் முகப்பிலேயே ஒரு சின்ன ஜன்னல் வைத்தார்கள். காசு போடுவதற்கு முன்பே இந்தத் தடவை என்ன கிடைக்கும் என்று அதில் பளிச்சென்று தெரியும். கம் மட்டும்தானா, கம்மோடு டோக்கனும் உண்டா? உண்டென்றால் எத்தனை? ஒளிவுமறைவே இல்லை. இந்த வியாபாரத்தில் இவ்வளவு நாணயமான மெஷின் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அதாவது, நாம் முதல் வரியில் கேட்ட கேள்விக்கு அந்தக் காலத்திலேயே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆராய்ச்சி வேண்டாம், அல்காரிதம் வேண்டாம். மெஷினே வாயைத் திறந்து, “இந்தத் தடவை பூஜ்யம், சார்!” என்று சொல்லிவிடுகிறது. மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மனிதன் என்ன செய்தான்? காசைப் போட்டான்!

ஏன்? இந்தப் பூஜ்யத்தைத் தள்ளினால்தானே அடுத்தது தெரியும்! அது இருபதாக இருந்தால்? அடுத்ததும் பூஜ்யமாக இருந்தால் அதையும் தள்ளிவிட வேண்டியதுதான். தோற்கப்போகிறோம் என்று எழுத்துபூர்வமாகத் தெரிந்துகொண்டு, காசு கட்டித் தோற்றார்கள். வரிசையில் முன்னால் நிற்கிறவரின் டோக்கனையும் காசு கொடுத்து வாங்கிக் கிழித்தால்தான் நம் டோக்கன் வரும் என்பது போன்ற ஏற்பாடு.

1913-ல் மிசூரி மாநிலத்தில் மோபர்லி என்கிற ஊர் போட்ட வழக்கில் இந்த மெஷின் கோர்ட் ஏறியது. மெஷின் தரப்பு வாதம் கல்லுமாதிரி: எல்லாம் முன்கூட்டியே தெரியும்போது சூது எங்கே இருக்கிறது? நீதிமன்றம் ஏமாறவில்லை. ஆட வருகிறவன் கம்முக்காகக் காசு போடவில்லை, ஜன்னலில் அடுத்து என்ன எழுதியிருக்கும் என்கிற ஆசைக்குப் போடுகிறான், ஆகவே சூதுதான் என்று தீர்ப்பானது. சட்டத்தின் எழுத்துக்கு வணக்கம் போட்டுவிட்டு அதன் நோக்கத்தின் காலை வாருவதில் மனிதன் காட்டுகிற சாமர்த்தியம் வேறெதிலும் காட்டுவதில்லை என்கிற அர்த்தத்தில் நீதிபதிகள் நொந்துகொண்டார்கள். கண்டிப்புதான் என்றாலும், வரிகளுக்கு நடுவே கொஞ்சம் வியப்பும் தெரிகிறது.

நியூயார்க் மேயர் லா கார்டியாவுக்கு இந்த அளவு பொறுமை கிடையாது. 1934-ல் பதவிக்கு வந்த கையோடு மெஷின்களைப் பறிமுதல் செய்து, போட்டோகிராபர்களை வரவழைத்து, கோட்டும் சூட்டுமாகச் சம்மட்டியைத் தூக்கி அவரே உடைத்தார். மிச்சத்தைக் கடலில் தள்ளினார்கள். ஸ்லாட் மெஷினை நூற்றுக்கு நூறு ஜெயிக்கிற முறையைப் பகிரங்கமாகச் செய்து காட்டியவர் அவர் ஒருவர்தான். ஆனால் மெஷின்களின் முதலாளியான மாஃபியா தாதா ஃபிராங்க் காஸ்டெல்லோ அலட்டிக்கொள்ளவில்லை. நியூ ஆர்லியன்ஸுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு கடையைத் தொடர்ந்தார்!

சட்டம் தோற்ற இடத்தில் விவசாயி ஜெயித்தார். நம்பமாட்டீர்கள், 1940-களின் கடைசியில் ஐடஹோ மாநிலத்து விவசாயி ஒருவர் மெஷினுக்குள் ஓடுகிற கடிகாரப் பொறியைக் கவனித்தார். உருளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவது அந்தப் பொறிதான். அது அநியாயத்துக்கு ஒழுங்காக ஓடியது. படங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்து, தாளம் தப்பாமல் கைப்பிடியை இழுத்தால் வேண்டிய படத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். வித்தை பரவி, ‘ரிதம்’ ஆட்டக்காரர்கள் என்று ஒரு கோஷ்டியே கிளம்பி, நெவாடாவை வழித்தெடுத்தது. கம்பெனிகள் பதறிப்போய், கடிகாரப் பொறியின் வேகம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்படி ஒரு உறுப்பைச் சேர்த்தன. உலகத்தில் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்பதற்காக ரிப்பேர் பார்த்தது அநேகமாக அங்கேதான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. உருளைகளின் வேலை போயிற்று.

போயிற்று என்றால், கண்ணுக்கு முன்னால் சுற்றத்தான் சுற்றுகின்றன. முடிவெடுக்கிற அதிகாரம்தான் இல்லை. 1984-ல் ‘இங்கெ டெல்னஸ்’ என்பவருக்குக் கிடைத்த காப்புரிமை அப்படி. பட்டனை அமுக்கிய கணத்திலேயே உள்ளே ஒரு சிப் எண்ணைத் தேர்ந்தெடுத்துவிடும். உருளைகள் அதற்குத் தகுந்த மாதிரி நடிக்க வேண்டியது. 22 நிறுத்தங்கள் உள்ள மூன்று உருளைகளில் 10,648 விதங்கள்தான் வரும். அதையே சிப்புக்குள் 64 நிறுத்தங்கள் இருப்பதாகக் கற்பனை செய்தால் 2,62,144 விதங்கள்! ஜாக்பாட் படத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள வெற்றிடங்களுக்குத் தாராளமாக எண்களை ஒதுக்கினால், படம் கோட்டுக்கு ஒரு இழை தள்ளி நிற்கிற காட்சி அடிக்கடி கிடைக்கும். “ச்சே, ஜஸ்ட் மிஸ்!” என்று நீங்கள் துள்ளுவது விதியின் விளையாட்டு என்றா நினைத்தீர்கள்? டைரக்‌ஷன், சார், டைரக்‌ஷன்!

இங்கேதான் ஒரு ஓட்டை. கம்ப்யூட்டருக்குத் தற்செயலாக எதையும் செய்யத் தெரியாது. ஒரு ஃபார்முலா, தொடங்குவதற்கு ஒரு விதை எண் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு, தற்செயல் போலத் தோன்றும் எண்களைக் கக்கும். கணக்குப் போட்டுத் தற்செயலை உண்டாக்க நினைப்பவன் பாவி என்று 1951-லேயே கணித மேதை ஜான் வான் நாய்மன் கேலி செய்துவிட்டார். அப்படி எண்களை உண்டாக்க ஒரு முறையைக் கண்டுபிடித்தவரும் அதே வான் நாய்மன்தான். பாவம் என்று தெரிந்தே செய்வதில் மேதை என்ன, பாமரன் என்ன!

1994-ல் மாண்ட்ரியல் கேசினோவில் ஒரு வாடிக்கையாளர் கீனோ ஆடினார். நம்மூர்க்காரர்களுக்கு லாட்டரி மாதிரி என்று சொன்னால் புரியும். விழுகிற 20 எண்களில் 19-ஐ, அடுத்தடுத்து மூன்று தடவை சரியாகச் சொன்னார். ஆறு லட்சம் கனடா டாலருக்கு மேல் பரிசு. கேசினோவுக்கு மூச்சு நின்றுவிட்டது. விசாரணை நடந்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி மெஷின்! தினமும் அது அதே விதை எண்ணிலிருந்து கிளம்பி, நேற்று சொன்ன அதே எண்களை இன்றும் ஒப்பித்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் அங்கே ஆடினார்கள். நேற்றைய எண்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத்தான் தோன்றியது. பணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். இந்தக் கட்டுரையில் கணித்து ஜெயித்து, ஜெயிலுக்குப் போகாமல் வீட்டுக்குப் போனவர் என்று அடையாளம் காட்ட எனக்குக் கிடைத்த ஒரே ஆள் இவர்தான்.

ரான் ஹாரிஸ் அப்படி இல்லை. நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கம்ப்யூட்டர் நிபுணர். மெஷின்களில் தில்லுமுல்லு இருக்கிறதா என்று சோதிப்பது அவருடைய உத்தியோகம். சோதிக்கிற சாக்கில் சிப்புகளில் தன் புரோகிராமை ஏற்றிவிட்டார். குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் ஜாக்பாட். பூட்டைப் பரிசோதிக்க வந்தவர் சாவி செய்துகொண்டு போன கதை! அதோடு நிறுத்தியிருக்கலாம். 1995-ல் கீனோவின் எண் ஃபார்முலாவையும் உடைத்து, நண்பர் ஒருவரை அட்லாண்டிக் சிட்டிக்கு அழைத்துப்போனார். நண்பருக்கு விழுந்தது ஒரு லட்சம் டாலர்.

ஃபார்முலா சரி, கணக்கு சரி, எண்கள் சரி. தப்பானது நண்பரின் முகம்! லட்சம் டாலர் விழுந்த மனிதர் துள்ளவில்லை, அலறவில்லை, பக்கத்து ஆளைக் கட்டிப்பிடிக்கவில்லை. பஸ் டிக்கெட்டுக்கு மிச்சம் வாங்குகிறவர் மாதிரி, ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்டார். கேசினோவுக்குச் சந்தேகம் வந்தது, கயிறு ஹாரிஸ் வரை போனது. சிப்பின் மனசையே படித்தவர், நண்பருக்கு நாலு நாள் நடிப்புப் பயிற்சி கொடுக்க மறந்துவிட்டார்!

ரஷ்யர்கள் இதைத் தொழிலாகவே நடத்தினார்கள். 2009-ல் சில மண்டலங்கள் தவிர நாடு முழுவதும் கேசினோக்களை ரஷ்யா மூடியது. வேலையில்லாமல் நின்ற மெஷின்கள் சல்லிசாக விலைக்கு வந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கும்பல் அவற்றை வாங்கிப் பிரித்து மேய்ந்து, எண் ஃபார்முலாவைக் கறந்தது. 2014-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒரு கேசினோவின் கணக்கு உதைத்தது. பெரிய ஜாக்பாட் எதுவும் விழவில்லை. ஆனாலும் சில மெஷின்கள் வாங்கியதைவிட அதிகம் கொடுத்திருந்தன. கேமரா பதிவைப் பார்த்தார்கள். ஓர் ஆசாமி மெஷின் முன்னால் செல்போனைப் பிடித்தபடி கொஞ்சம் ஆடுகிறார், எழுந்து போகிறார், திரும்பி வருகிறார். பட்டன் மேல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், காத்திருக்கிறார், திடீரென்று அமுக்குகிறார். பார்த்தால் பட்டனோடு தியானம் செய்வது மாதிரி இருக்கிறது.

நடந்தது இதுதான். இருபது சொச்சம் சுற்றுகளை வீடியோ எடுத்து ரஷ்யாவுக்கு அனுப்புவார். அங்கே கணக்குப் போட்டு, மெஷின் ஃபார்முலாவில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அமுக்க வேண்டிய தருணத்துக்குக் கால் நொடி முன்னால் செல்போன் அதிரும். கால் நொடி ஏன்? அதிர்வு மூளைக்குப் போய் விரலுக்கு வர ஆகிற நேரம்! கேட்கவே புல்லரிக்கிறது. இந்த மூளையை வைத்து நேர்வழியில் வேலை பார்த்திருந்தால் கிரீன் கார்டு கொடுத்து அழைத்திருப்பார்கள். ஆசாமிகளுக்கு அமெரிக்காவில் தங்க இடம் கிடைத்தது என்னவோ உண்மைதான். ஃபெடரல் சிறையில், இரண்டு வருடம்.

இவர்கள் எல்லாரும் கூட்டாக நிரூபித்தது ஒன்றுதான். மெஷினை யாரும் ஜெயிக்கவில்லை. அதைச் செய்தவனின் சோம்பேறித்தனத்தையும் காவலிருந்தவனின் அசட்டையையும்தான் ஜெயித்தார்கள். கடிகாரம் பழகிப்போனது, விதை எண் மாறவில்லை, பழைய மாடல் மாற்றப்படவில்லை. ஓட்டை தெரிந்ததும் அடைத்துவிடுவார்கள். அடுத்த ஓட்டைக்குப் புத்தி, பணம், பல வருட உழைப்பு மூன்றும் வேண்டும். அவை மூன்றும் இருக்கிறவர் எதற்கு ஸ்லாட் மெஷின் ஆடவேண்டும்?

நம் போன்ற சாமானிய ஆட்டக்காரர்களின் ஃபார்முலா வேறு. “இந்த மெஷின் காலையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை, இப்போது கொடுத்தே ஆகவேண்டும்” என்பார் ஒருவர். மெஷினுக்குக் காலை, மாலை, மனச்சாட்சி எதுவும் கிடையாது. 1913-ல் மாண்டி கார்லோவில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று ஒவ்வொரு தடவையும் சிவப்பில் கட்டியவர்கள் மொட்டையாகத் திரும்பினார்கள். “நான் எழுந்த மறுநிமிஷம் அவளுக்கு ஜாக்பாட் விழுந்தது, ஐந்து நிமிஷம் இருந்திருந்தால் எனக்கு!” என்பார் இன்னொருவர். விழுந்திருக்காது. சிப் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்களை உருட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த அம்மணி அமுக்கிய அதே மில்லி நொடியில் நீங்களும் அமுக்கியிருக்க வேண்டும். தும்மியிருந்தால்கூடப் போச்சு.

உண்மையில், பலனை முன்கூட்டியே கணித்து, தினமும் ஜெயித்து, மரியாதையாக வரியும் கட்டுகிற ஓர் ஆள் இருக்கிறார். கேசினோ முதலாளி! நெவாடா சட்டப்படி, போட்ட பணத்தில் குறைந்தது 75 சதவீதத்தை மெஷின் நீண்டகாலச் சராசரியாகத் திருப்பித்தர வேண்டும். பல மெஷின்கள் அதைவிட அதிகமாகவே தருகின்றன. கேட்பதற்குத் தர்மஸ்தாபனம் மாதிரி இருக்கிறதா? குறைந்தபட்சக் கணக்கையே போடுங்கள். 100 டாலர் போட்டால் 75 வரும். அதை எடுத்துக்கொண்டு கிளம்பினவர் யார்? மறுபடி போடுவீர்கள், 56 வரும். இன்னொரு சுற்று, 42. இன்னும் ஒன்று, 32. ஒவ்வொரு தடவையும் சொன்ன பங்கைக் கொடுத்துவிட்டான், நாணயஸ்தன்! மிச்சத்தைக் கொடுத்தது நீங்கள்.

ஹார்வர்ட் உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பரிசோதித்தார். பட்டனைக் கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தானியம் வரும் என்றால், பரிசு நின்றதும் புறா சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடுகிறது. எப்போது வரும் என்றே தெரியாமல் எப்போதாவது வந்தால், மணிக்கணக்கில் கொத்துகிறது. ஸ்லாட் மெஷினும் இதே வித்தைதான் என்று அவரே எழுதினார். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு வித்தியாசம் உண்டு. புறா சொந்தக் காசில் கொத்தவில்லை.

ஆக, தீர்ப்பு. அந்தப் பழைய சூயிங் கம் மெஷின் ‘பூஜ்யம்’ என்று முகத்துக்கு நேரே சொன்னபோதும் காசு விழுந்தது. அதனால் மெஷினைக் கணிக்க முடியுமா என்ற ஆராய்ச்சி வீண். எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கணிக்க முடியும், நூறு வருடமாகக் கணித்துக்கொண்டும் இருக்கிறார்கள். நெவாடாவில் மட்டும் அண்மை ஆண்டுகளில் இந்தக் கணிப்பின் வருமானம் வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் கோடி டாலர். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் விளக்கு அலங்காரத்தைப் பாருங்கள், இலவசம்தான். முன்னால் போனவர்கள் கட்டிவிட்டார்கள்.